மாமனார் படித்துக் காட்டிய ஊர்

மரம் வெட்டுகிற அந்த மலையடிவாரத்து ஊரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் நான் காதால்தான் பார்த்தேன். அதுவும் மயிலாப்பூரில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

எனக்குக் கல்யாணமான புதிதில் அவருக்குச் சர்க்கார் மர டிப்போவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மலபார்ப் பக்கம், ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். காட்டில் வெட்டிய தேக்கையும் ஈட்டியையும் யானைகள் இழுத்து வந்து ஆற்றில் தள்ளும். அவை மிதந்து வந்து டிப்போவில் கரையேறும். மாம்பலத்தில் அப்போது புதுத் தெருக்கள் போட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த வீடுகளின் நிலைக்கும் கதவுக்கும் அங்கேயிருந்துதான் மரம் வருகிறது என்று மாமனார் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார், என்னவோ தன் பிள்ளையே தோளில் சுமந்து வருகிற மாதிரி. முதலில் தான் போய் வீடு பார்த்துவிட்டு எழுதுவதாகவும், அப்புறம் என்னை அனுப்பினால் போதும் என்றும் சொல்லிவிட்டு என் கணவர் ரயிலேறினார். எனக்குப் பதினெட்டு வயது. பெட்டியில் நாலு புடவையை அன்றைக்கே மடித்து வைத்துவிட்டேன்.

வீட்டில் மாமனாரும் நானும்தான். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாடியில் ஒரு குடித்தனம் இருந்ததால் பெண் துணைக்குக் குறைவில்லை. என் பிறந்த வீட்டில் அம்மா கிடையாது. அப்பா இரண்டாம் தாரம் கட்டி, அந்தக் குழந்தைகளோடு மல்லுக்கு நிற்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. ஆகவே எனக்கு அப்பா என்றால் மாமனார்தான். அப்படித்தான் கூப்பிட்டேன். அவரும் என்னைக் ‘கொழந்தே’ என்றுதான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் மாட வீதியிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வருவார். என் ரசத்தை ஒரு டம்ளரில் தனியாக விட்டுக்கொண்டு, காப்பி குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். இப்படி ஒரு ரசம் தன் ஆயுசில் குடித்ததில்லை என்பார். நான் அசடு, உச்சி குளிர்ந்து போவேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அப்பாவும் பிள்ளையும் இங்கிலீஷில்தான் கடிதம் எழுதிக்கொள்வார்கள். மாமனார் பெரிய ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் எழுதுவது பால் கணக்குக்கும் பஞ்சாங்கத்துக்கும்தான் என்பது அவருடைய எண்ணம். புருஷன் பெண்டாட்டிக்குத் தனியாகக் கடிதம் போடுவதென்பது அந்த வீட்டில் கேட்டறியாத விஷயம். தபால் வந்ததும் மாமனார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் மனசுக்குள் படிப்பார். பிறகு தொண்டையைக் கனைப்பார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வந்து நிற்பேன். அவர் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போவார்.

அந்த ஊரில் வருஷத்தில் எட்டு மாதம் மழை. வெளியே கால் வைத்தால் அட்டை கடிக்கும், ரத்தம் நிற்காது. கொல்லைப்புறம் வரை புலி வருகிறது. காய்ச்சல் வராத ஆள் கிடையாது. குடியிருக்க வீடு அகப்படவில்லை, நாலு குமாஸ்தாக்களோடு ஓர் அறையில் கிடக்கிறான். பெண்பிள்ளைகள் இருக்கிற இடமே அல்ல. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, “உன்னை இப்போ அனுப்பவே கூடாதுன்னு எழுதியிருக்காண்டி கொழந்தே” என்பார். எனக்கு அவரை நினைத்து அழுகை வரும். வெறும் மழையிலும் சேற்றிலும் ஒரு மனுஷர் கிடந்து அல்லாடும்போது, நான் இங்கே கோயில் குளத்துக் காற்றில் சௌக்கியமாக இருக்கிறேனே என்று வெட்கமாக இருக்கும்.

நடுவில் ஒரு தடவை மாமியாரின் திவசத்துக்கு அவர் வந்தார். மூன்றே நாள் லீவு. என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிராமணாள் சாப்பிட்டுப் போன பிறகு நான் பரிமாறும்போது, இலையைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மழை என்றால் அத்தனை பயமா என்று கேட்டார். பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்ட கதைக்கு வேறென்ன சொல்வேன்? அதோடு, பயம் என்றால் ‘நான் இருக்கேனே’ என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எனக்கு ஓர் ஆசை. அவர் மோர் கூட விட்டுக்கொள்ளாமல் எழுந்து கை அலம்பப் போய்விட்டார். மறுநாள் காலையில் ரயிலேறினார்.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த மர டிப்போவிலேயே வேலை பார்க்கிற இன்னொரு குமாஸ்தாவின் மனைவி. ஏழு மாதம்; பிரசவத்துக்குத் திருவல்லிக்கேணியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவர் எனக்குக் கொடுத்தனுப்பியதாக ஒரு பொட்டலம் ஏலக்காயும் ஈட்டி மரத்தில் கடைந்த குங்குமச் சிமிழும் கொண்டுவந்தாள். மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார். பெண்பிள்ளைகள் இருக்கிற இடமே அல்லாத ஊரிலிருந்து, கன்னம் பூரித்து, வயிறும் பிள்ளையுமாக ஒருத்தி வந்து என் சமையலறையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் புலியைப் பற்றிக் கேட்டேன். அவள் சிரித்தாள். மழை உண்டு, அட்டையும் உண்டு, ஒரு துணியில் கொஞ்சம் உப்பைக் கட்டி வைத்துக்கொண்டு ஒற்றினால் தீர்ந்தது என்றாள். பிறகு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மழை விட்டதும் மோட்டாரில் துரைமார்கள் குடும்பத்தோடு வந்து பங்களாவில் தங்குவார்களாம். ஊருக்கு மேலே இரண்டு மைலில் ஓர் அருவி. ஆற்றின்மேல் கம்பியில் தொங்குகிற பாலம், நடந்தால் ஆடும். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தேக்கு ஒன்று. சாயங்காலம் டிப்போ யானைகளைக் குளிப்பாட்டுவதைப் பார்க்க ஊரே படித்துறையில் உட்காருமாம். சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்காம் எங்காத்துக்கு அடுத்தாப்பலதான். வந்த ரெண்டாம் மாசமே சர்க்கார்ல வீடு குடுத்துட்டா. உங்காத்துக்காரர் உங்களுக்குன்னு கொல்லைல தோய்க்கிற கல்கூடப் போட்டு வெச்சிருக்கார். நீங்கதான் மழைக்குப் பயந்துண்டு வரமாட்டேங்கறேளாமே. உங்க மாமனார் அப்படித்தான் எழுதறாராம்.”

நான் அடுப்பை ஊதினேன். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை. புகை கிளம்பினால்தானே கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியும்?

அவள் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்க்க எதுவுமில்லை. என் ரசமே எனக்கு எமனாக வந்திருந்தது. நான் போய்விட்டால் கிழவருக்குச் சமைத்துப் போட ஆள் இல்லை. அதை நேராகச் சொல்லியிருந்தால் ‘அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவேன்’ என்று நானே இருந்திருப்பேன். அத்தனை பிரியம் எனக்கு. கேட்டிருந்தால் கொடுத்திருக்கக் கூடியதை அவர் திருடிக்கொண்டார். வயிறு எரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை வந்த பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை, கொல்லையில் துளசி மாடத்தின் மேல் போட்டேன்.

அடுத்த கடிதம் பத்து நாளில் வந்தது. வழக்கம்போல் கண்ணாடியைத் துடைத்தார், மனசுக்குள் படித்தார், கனைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. கூடத்துக்கே வந்து, தூணை ஒட்டி நின்றேன். மழை இன்னும் விட்டபாடில்லை என்றும், பக்கத்து அறைக் குமாஸ்தாவுக்குக் காய்ச்சல் என்றும் அவர் சொல்லிக்கொண்டு போனார். குரலில் ஒரு பிசிறு கூட இல்லை. எத்தனை சரளமாக வந்தது! முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“அருவியைப் பத்தி ஒண்ணும் எழுதலையாப்பா?” என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடிதத்தை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு எழுந்து அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாள், பாலக்காட்டுக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு எனக்கும் டிக்கெட் வாங்கச் சொல்லியிருப்பதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஜட்காவில் கூடவே வந்தார். கூஜாவில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். நான் நமஸ்காரம் பண்ணவில்லை. வயதில் பெரியவரை நமஸ்கரிக்காமல் வண்டியேறியது என் ஜென்மத்தில் அந்த ஒரு தடவைதான். வண்டி நகரும்போது அவர் கை ஆசீர்வாதத்துக்குப் பாதி எழும்பியது, அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஊர் அவள் சொன்னபடியே இருந்தது. மழையும் மாமனார் சொன்னபடியே இருந்தது. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும், தீக்குச்சி பற்றாது, புடவையைக் கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உலர்த்த வேண்டும். அறுத்த தேக்கின் வாசனை சோற்றில்கூட வரும். அருவிக்கு முதல் தடவை போன அன்று நான் பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவருக்குக் கூடக் கேட்கவில்லை. தமிழில் ஒரு வரி எனக்கு எழுதியிருக்கக் கூடாதா என்று அவரிடம் சண்டை போட்டேன். நான் மட்டும் எழுதினேனா என்று அவர் கேட்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். எழுதத்தான் இல்லை. குலப்பெண் புருஷனுக்குக் கடிதம் போடுவாளா என்று இருந்துவிட்டேன். எங்கள் இரண்டு பேர் அசட்டுத்தனத்தின் மேல்தான் கிழவர் அத்தனை சுலபமாகக் கதை கட்டியிருக்கிறார்.

மாதம் ஒன்றாக மாமனாரின் கடிதம் வரும். இங்கிலீஷில்தான். அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, “அப்பா சௌக்கியமா இருக்காராம்” என்பார். ஒரு மாமி எடுப்புச் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பதாகவும் சொல்வார். நான் மேலே கேட்க மாட்டேன். கோபம் எனக்கு ஆறவில்லை. எங்கள் பெண் பிறந்தாள். இரண்டாவது மழைக்காலத்தில் தந்தி வந்தது. நாங்கள் மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பல வருஷம் கழித்து அவருக்கு மதராஸுக்கே மாற்றல் ஆகி, அதே வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, கான்வென்டில் படித்தாள், இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. ஒரு நாள் பெட்டியை ஒழித்தபோது தாத்தாவின் கடிதக் கட்டு அகப்பட்டது. அவள் ஆசையாக உரக்கப் படித்தாள். நான் சும்மா இருக்காமல், தமிழில் சொல்லேன் என்றேன்.

மூன்று கடிதங்களில் அது இருந்தது. தனக்கு உடம்பு நலிந்துவிட்டதாகவும், அந்த அருவியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருப்பதாகவும் எழுதியிருந்தார். வரலாமா என்று அவளை, என்னைத்தான், கேட்டு எழுது என்று எழுதியிருந்தார். ஒரு வாரம்தான் இருப்பேன், ரசம் எதுவும் வேண்டாம், கஞ்சி போதும் என்று அவளிடம் சொல் என்றும் எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்தில் அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையா என்று மட்டும் கேட்டிருந்தார். அடுத்தது தந்தி.

அந்தக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அவர் அதே நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா அருவியைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?” என்று கேட்டேன்.

அவர் கட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் கோபமாக இருந்தேனே, மறுபடியும் அந்தக் கிழவருக்கு ஊழியம் செய்ய வேண்டி வந்துவிடுமே என்றுதான் சொல்லவில்லை என்றார். என் நன்மைக்காகத்தான் என்றார். அவர் என்னிடம் சொல்லியிருந்தால் நான் வரச் சொல்லியிருப்பேனா, வேண்டாம் என்றிருப்பேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான். மாமனார் மூன்று தடவை கேட்டார். நான்தான் பதில் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனார்.