சாப்பாட்டு அறையில் மாட்டிய துப்பாக்கிப் படம்

குன்னூருக்குக் கீழே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் நான் தோட்ட வேலை பார்க்கிறேன். இப்போது அது விருந்தினர் தங்கும் விடுதி. சமையல் என் அக்கா. இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்தபோது நான் சிறு பிள்ளை. அக்காவுக்கு விவரம் தெரிந்த வயது. நான் இங்கே வந்து அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். அவளுக்கு அதுவும் இல்லை.

பங்களாவை வாங்கிய கோயமுத்தூர் மேடம் பரணில் ஒரு கட்டு வெள்ளைக்காரப் பத்திரிகைகளைக் கண்டெடுத்தார். வேட்டை, மீன்பிடிப்பு, காட்டில் கூடாரம் போடுவது பற்றியவை. உலகப் போர் நடந்த காலத்தில் வந்தவையாம். நல்ல படங்களைக் கிழித்துச் சட்டம் போட்டு எடுத்து வந்தார். சாப்பாட்டு அறையில் நான்தான் மாட்டினேன்.

ஒரு படத்தில் வீட்டு வாசல். தொப்பி வைத்த ஒருவன் வேட்டைத் துப்பாக்கியோடு நிற்கிறான். பின்னால் மனைவி, குழந்தை. அவன் பட்டாளத்துக்காரன் அல்ல, சாதாரணக் குடியானவன். படத்தின் கீழே எழுதியிருந்ததை மேடம் படித்துச் சொன்னார்.

"சண்டை வந்தா மான் சுடற துப்பாக்கியே ஊட்டைக் காப்பாத்துமாமுங்க. நல்லா இருக்குதுங்களாண்ணா?"

தலையாட்டினேன்.

அக்கா தட்டோடு உள்ளே வந்தாள், படத்தைப் பார்த்தாள், திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. சமையலறை வாசலில் நின்று, பரிமாறச் சொல்லிப் பாத்திரங்களை என்னிடம் கொடுப்பாள்.

"மெதுவா ஊத்துடா தம்பி. ரோசாச் செடிக்கு ஊத்துற மாதிரி ஊத்திறாத."

சேறு படிந்த கால்களோடு நான் பரிமாறுவதை மேடம் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? "அக்காவுக்கு முடியலைன்னா வேற ஆளு பாக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. மேடேறித் தேயிலைக் கொழுந்து பறிக்க முடியாது. இந்த வேலையை விட்டால் வேறு கிடையாது. யாரிடமும் அதிகம் பேசாத நான் அன்று மேடத்திடம் பேசினேன்.

இலங்கையில் கலவரம் பரவிய நாட்களில், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்து வீடுகளுக்குக் காவல் நின்றவர் தோட்டத்துக் கடைக்கார மாமா. காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி அவரிடம் மட்டும் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் எல்லோரும் தூங்கினோம். ஒரு காலை, கடும் பனி. கோதுமை மாவு வாங்கப் போன அப்பா, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறி வந்திருக்கிறார். மாமாவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. சுட்டுவிட்டார். அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவரும் மாமாதான் என்பாள்.

இதைச் சொல்லி, அந்த ஒரு படத்தை மட்டும் வேறு அறைக்கு மாற்றக் கேட்டேன். மேடத்தின் கண் கலங்கிவிட்டது. "யோசிக்கறேனுங்கண்ணா" என்றார்.

படம் அங்கேயே இருந்தது. வேறு வழியில்லாமல் அக்காவே பரிமாற வந்தாள். சுவர்ப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

ஒரு மதியம், சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா சாம்பார் ஊற்றிய அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம் சொன்னாங்க. இந்தப் படத்துல இருக்கற மாதிரியே உங்கப்பா துப்பாக்கியோட வாசல்ல நின்னு, உங்களையெல்லாம் காப்பாத்திட்டு உயிரை விட்டாராமே! எவ்வளவு பெரிய வீரர்!"

அக்கா மேடத்தைப் பார்த்தாள். மேடம் யாருக்கோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா துவக்கைத் தொட்டதே இல்லைங்க." துப்பாக்கியை அவள் இன்றும் அப்படித்தான் சொல்வாள். "மா வாங்கப் போன மனுசன். காவலுக்கு நின்ன எங்காளே தெரியாம சுட்டுட்டாரு."

அந்த அம்மா அக்காவின் கையை விட்டார். அவருடைய சின்னப் பெண் இன்னொரு அப்பளம் கேட்டாள். அக்கா வைத்தாள்.

பிறகு மேடம் சமையலறைக்கு வந்தார். "கெஸ்ட் முன்னாடி அப்படிச் சொல்லோணுங்களாக்கா? உங்கப்பாவைப் பெருமையாத்தானுங்க சொன்னேன்."

"மாமாவை உட்டுட்டீங்களே அம்மா," என்றாள் அக்கா. "அப்பாவை அடக்கம் பண்ணின மறுநாளே கயித்துல தொங்கினாரு அவரு. அவரு பிள்ளைகளும் எங்களோடதான் கப்பல்ல வந்திச்சு."

எனக்கே அதை அவள் அதுவரை சொன்னதில்லை.

மேடம் வெளியே போனார். மறுநாள் புதுச் சமையல்காரி வந்தாள். அக்கா பக்கத்துச் சிறு தோட்டத்தில் கொழுந்துக்குப் போகிறாள். மேட்டில் நாலு எட்டு வைக்கிறாள், உட்காருகிறாள், மறுபடி எழுகிறாள்.