அக்காவின் நெஞ்சுச் சத்தம்

தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒருவர் மூன்றாம் நாள் விழுந்துவிட்டார். விழுத்தியது ஊசி அல்ல என்று உங்களுக்குத் தெரியவருகிறது. உண்மைக் காரணத்தைச் சொன்னால், அவரை உயிராக நேசிக்கும் இன்னொருவர் அதைச் சுமந்தே மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் ஒழுங்கை (சின்னத் தெரு) முழுவதும் ஊசிக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கும். சொல்வதா, விடுவதா?

பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டில், உப்புவெளியில் எங்கள் வீட்டில், இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. இதய வால்வு மாற்றிய ஒருவரோடு வாழ்கிறவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்று நினைத்து எழுதுகிறேன். எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கத் தேவையில்லை.

அக்காவுக்குப் பள்ளிக்கூட வயதில் வாதக்காய்ச்சல் (தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் காய்ச்சல்) வந்தது. அது இதயத்தின் வால்வு ஒன்றை மெல்ல மெல்லக் கெடுத்தது. கலியாணமாகிச் சில வருடங்களின் பின் கொழும்பில் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அன்றிலிருந்து அவளிடம் ஒரு சத்தம் இருந்தது. மலிவான கைக்கடிகாரத்தைக் காதில் வைத்தது போல, டிக், டிக் என்று. பக்கத்தில் இருந்தால் எவருக்கும் கேட்கும்.

"ஒளிச்சுப் பிடிச்சு விளையாட ஏலாத ஒரே மனுசி இவள்தான்" என்று அத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் பகிடி விடுவார். அக்கா முறைப்பாள். அந்த முறைப்புக்காகவே அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

செயற்கை வால்வில் இரத்தம் படிந்து கட்டியாகக்கூடும். அதனால் அக்கா ஒவ்வொரு நாளும் வாபரின் (இரத்தம் எளிதில் உறையாமல் காக்கும் குளிசை, அதாவது மாத்திரை) எடுக்க வேண்டும். குளிசையின் அளவு சரியா என்று ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை) மூலம் பார்ப்பார்கள். கீரையைத் திடீரென்று கூட்டிச் சாப்பிடக் கூடாது என்று கொழும்பில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது சுருங்கி, "அக்காவுக்குக் கீரை கூடாது" என்று ஆகியிருந்தது.

பயணத்தடை வந்தது. கிளினிக் நின்றது. குளிசைகளைத் தபாலில் அனுப்பினார்கள். அதற்கு நன்றியோடு இருந்தோம். இரத்தச் சோதனை தபாலில் வராது என்பது எங்கள் எவருடைய மனதிலும் உறைக்கவில்லை. தெரு அடங்கிக் கிடந்ததால் அந்த நாட்களில் அக்காவின் சத்தம் முன்னரைவிடத் தெளிவாகக் கேட்டது. அதுவே எங்களுக்குத் தைரியமாகவும் இருந்தது.

அத்தான் துறைமுகத்தில் இழுவைப்படகு ஒன்றில் எஞ்சின் பார்க்கிறவர். வேலை நின்றதும் சும்மா இருக்கத் தெரியாமல் வீட்டு மின்விசிறி, தையல் மெசின், என் சைக்கிள் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினார். கழற்ற ஒன்றும் மிஞ்சாத ஒரு காலையில் குசினிக்குள் வந்தார்.

"இவளுக்கு ஊசி வரப்போகுது. உடம்பில தெம்பிருந்தால்தான் தாங்கும். நான் இலைக்கஞ்சி வைக்கிறன்."

வளவில் நின்ற முருங்கையிலும் கிணற்றடி வல்லாரையிலும் பொன்னாங்காணியிலும் கை நிறையப் பிடுங்கினார். அடித்துத் துணியில் வடித்து, அந்தப் பச்சைச் சாற்றைச் சிவப்பரிசிக் கஞ்சியில் விட்டு, உள்ளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்தார். பனங்கட்டித் துண்டு ஒன்றையும் கோப்பையோடு கொண்டுவந்து வைத்தார்.

"எனக்குக் கீரை கூடாதெல்லே?" என்றாள் அக்கா.

"கீரையை ஆர் தாறது? இலையெல்லாம் கோழிக்குப் போட்டாச்சு. நீ குடிக்கிறது வெறும் சாறு."

எங்கள் மூவருக்கும் அது சரியாகவே பட்டது. அன்று தொடங்கி ஊசி நாள் வரையும், அதன் பிறகும், ஒரு காலை தவறாமல் அந்தக் கோப்பை அக்காவின் முன்னால் வந்தது. அவள் குடித்து முடிக்கும்வரை அத்தான் எதிர்க் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். கலியாணமாகி அவர் அவளுக்குச் சமைத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

நான் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கிராம சேவகரோடு வீடு வீடாகப் போய் ஊசிக்கு வரும்படி சொல்வது அப்போது என் வேலை. எல்லோரையும்விட நான் கூடுதலாகக் கேட்டது எங்கள் ஒழுங்கையின் ஜெசீமா ராத்தாவை. நீரிழிவுக்காரி, வயதானவர், தனியாக இருக்கிறவர். தொற்றினால் அவர் தப்புவது கடினம்.

"முதல்ல உன்ட அக்கா போடட்டும் மகள். அவவே நெஞ்சு வெட்டின ஆள். அவ எழும்பி நடந்தா நானும் வாறன்" என்றார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் அக்காவுக்கு ஊசி போட்டார்கள். வாபரின் எடுப்பதைச் சொன்னதும் தாதி ஊசி போட்ட இடத்தில் பஞ்சை நெடுநேரம் அமத்திப் பிடிக்கச் சொன்னார். முதல் நாள் காய்ச்சல் காய்ந்தது, மறுநாள் விட்டது. ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை அக்கா குளித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். எழும்பவில்லை. மூச்சு மேலும் கீழும் இழுத்தது.

"இஞ்ச வா" என்று கையைக் காட்டினாள். "என்ர சத்தம் உனக்குக் கேக்குதோ?"

நான் அவளுடைய நெஞ்சில் காதை வைத்தேன். மூச்சின் இரைச்சல் கேட்டது. அதற்குப் பின்னால், துணிக்குள் சுற்றி வைத்ததுபோல, எதுவோ மங்கலாக அசைந்தது. கடிகாரம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டுகிறவர்கள் எல்லோரையும் முதலில் தொற்றுச் சந்தேகப் பகுதிக்குத்தான் கொண்டுபோனார்கள். நோயாளியோடு ஒருவர் மட்டும் போகலாம். அத்தான் வெளிவாசலில் நின்றுவிட்டார். நான் விறாந்தையில், தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். சோதனை முடிவு வரட்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. அந்த விறாந்தை முழுவதும் மூச்சுக்குத் திணறும் ஆட்கள். நான் மட்டும் கடந்து போகிற ஒவ்வொருவரிடமும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவவுக்கு வால்வு. சத்தம் நிண்டிட்டுது."

மூன்று பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அக்காவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவள் என் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தபோது, எனக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தோன்றியது. படித்தது, வேலை, வீடு வீடாகச் சொன்ன அறிவுரை ஒன்றும் அந்தக் கம்பிக்கு அப்பால் போகவில்லை.

நான்காவதாக வந்த பெண் டொக்டர் நின்றார். "என்ன சத்தம்?" என்று கேட்டார். சொன்னேன். பாதுகாப்பு உடைக்குள்ளால் கருவியைக் காதில் மாட்டி அக்காவின் நெஞ்சில் வைத்தார். நிமிர்ந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது. "உடன எக்கோ எடுக்க வேணும்" என்றார். எக்கோ என்பது ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகப் பார்ப்பது.

வால்வின் இரண்டு தகடுகளில் ஒன்று இரத்தக்கட்டியால் இறுகி அசையாமல் நின்றது. ஐ.என்.ஆர் இருக்க வேண்டிய அளவைவிட மிகக் குறைவு. கொழும்புக்கு அனுப்பினால் வழி தாங்கமாட்டாள். இங்கேயே கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றலாம். ஆனால் மூளைக்குள் இரத்தம் கசியலாம், கட்டியின் துண்டு உடைந்து மூளைக்கே போகலாம். டொக்டர் எதையும் மறைக்கவில்லை. கையெழுத்துக்கு அத்தானை வாசலில் இருந்து கூப்பிட்டார்கள். கையெழுத்திட்டுவிட்டு அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவளுக்குத் தண்ணி குடுத்தவையோ, பிள்ளை?"

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது டொக்டர் என்னிடம் விசாரித்தார்.

"கடைசியா எப்ப ரத்தம் சோதிச்சது?"

"கிளினிக் நடக்கேல்லை டொக்டர். குளிசை தபாலில வந்தது. ஒருநாளும் விடேல்லை."

"சாப்பாட்டில புதுசா ஏதும்?"

கஞ்சியைச் சொன்னேன். வடித்ததையும் சொன்னேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "சாறு பச்சையாத்தானே இருந்தது? அந்தப் பச்சையிலதான் விற்றமின் கே இருக்கு." (இரத்தம் உறைய உதவுகிற சத்து இது, வாபரினுக்கு எதிராக வேலை செய்யும்.) "தேங்காய்ப்பாலோட உடம்பு அதை இன்னும் நல்லா எடுக்கும். சோதனை நடந்திருந்தா நேரத்தோட பிடிச்சிருக்கலாம். ரெண்டும் சேர்ந்து வந்திட்டுது."

"ஊசி?"

"ஊசிதான் எண்டு சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை. இந்த அளவு இறக்கம் ரெண்டு நாளில வந்திருக்காது. ஊசிக்கு முந்தியே தொடங்கியிருக்கு."

கட்டி கரைந்தது. ஒரு துண்டு உடைந்து மூளைக்குப் போனதும் உண்மை. அக்காவின் இடக்கை விரல்கள் மடங்கவில்லை, பேச்சு குழறியது. ஆனால் ஒரு நடுப்பகலில், வார்ட் அமைதியாக இருந்த நேரம், தலையணைப் பக்கமிருந்து டிக் என்று கேட்டது. பிறகு இன்னொன்று. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அதுவும் வந்தது.

நான் உள்ளே இருந்த அந்த நாட்களில் அத்தான் வெளியே எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்லா நிண்ட மனுசி. ஊசி போட்டவுடன விழுந்திட்டாள்." அவர் பொய் சொல்லவில்லை. தான் கண்டதைச் சொன்னார். ஒழுங்கையில் ஊசிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். ராத்தா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "எனக்கு ஏலா மகள். கோவிக்காத. அக்காவைப் பாத்துக்கொள்" என்று வைத்துவிட்டார். அடுத்த ஊசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அக்காவிடம் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் ஒவ்வொரு சொல்லாக இழுத்து, "அவருக்குச் சொல்லாதை. தாங்கமாட்டார்" என்றாள்.

நான் எடைபோட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு மனிதர். மறுபக்கம் ஒரு ஒழுங்கை. கணக்காகப் பார்த்தால் விடை தெளிவு. ஆனால் அந்த ஒரு மனிதர் ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் நின்று, போகிற வருகிறவர்களிடம் மனைவிக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று விசாரிக்கிற மனிதர். நான் சொல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.

அக்காவை வீட்டுக்கு விடுகிற காலையில் குசினியில் சத்தம் கேட்டது. அத்தான் சுளகு நிறைய முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். முகம் நெடுநாளைக்குப் பிறகு வெளித்திருந்தது.

"கொஞ்சம் கட்டியாவே வைப்பம். நல்லாக் களைச்சுப்போனாள்."

எனக்கு இனித் தெரிவு இருக்கவில்லை.

"கஞ்சி வேண்டாம், அத்தான்."

"ஏன்?"

சொன்னேன். சோதனை நடக்காததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"நான் வடிச்சனான்" என்றார்.

"ஓம், அத்தான்."

"இலையைக் கோழிக்குப் போட்டனான்."

"ஓம்."

அவர் சுளகை மெதுவாக நிலத்தில் வைத்தார். விரல்களில் ஒட்டியிருந்த இலைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுளகிலேயே போட்டார். பிறகு கிணற்றடிக்குப் போனார். நெடுநேரம் வாளி மேலும் கீழும் போய்வந்தது. குளித்ததாகத் தெரியவில்லை.

அதன் பின் வந்த ஊசி நாளில் அவர் யாரிடமும் சொல்லாமல் ஜெசீமா ராத்தாவின் படலையடியில் போய் நின்றார். நான் வேலைக்குப் புறப்பட்டவள், சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஒழுங்கையில் வேறு ஆட்களும் நின்றார்கள்.

"ராத்தா, ஊசி இல்லை. நான் குடுத்த கஞ்சி."

"என்ன தம்பி விசர்க் கதை? கஞ்சி குடிச்சு ஆரும் விழுவாங்களா? நானும் குடிக்கிறனான்."

"உங்கட எஞ்சின் வேற, ராத்தா. இவளின்ர வேற. மாத்தி எண்ணெய் ஊத்தினவன் நான்தான். வெளிக்கிடுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

பின்னால் நின்ற ஒருவர், "மனுசியைக் காவு குடுக்கப் பாத்தவன் இப்ப ஊருக்குப் புத்தி சொல்றான்" என்றார். அத்தான் திரும்பவில்லை. ராத்தா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். அன்று எங்கள் ஒழுங்கையிலிருந்து ராத்தாவோடு வேறு சிலரும் வந்தார்கள். வராதவர்களும் இருந்தார்கள்.

வாபரின் எடுக்கிறவரின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளினிக் எதனால் நின்றாலும் சோதனைக்கு வேறு வழி கேளுங்கள். சாறு, கசாயம், கஞ்சி என்று அன்பாக எது வந்தாலும் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

அக்கா இப்போதும் மடங்காத இடக்கையை மடியில் வைத்தபடிதான் இருக்கிறாள். பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடையிடையே கதையை நிறுத்தித் தன்னையே உற்றுக் கேட்கிறாள். நாங்களும் நிறுத்திக் காத்திருப்போம். ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பது எங்கள் வீட்டில் அந்த நிறுத்தங்களால்தான் தெரிகிறது.

இரத்தச் சோதனைக்கு அவளை அத்தான்தான் கூட்டிப் போகிறார், ஒரு தடவையும் தவறாமல். அந்தப் பழைய பகிடியை அவர் பிறகு சொன்னதில்லை. குசினிக்குள் வருவதும் இல்லை. முருங்கை மரத்தை வெட்டவும் இல்லை. ஒவ்வொரு விடியலிலும் நான் அக்காவின் அறை வாசலில் நின்று கேட்கிறேன். கேட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுகிறேன்.