வைகாசியில் களுத்துறை

“வைகாசியில் யாரும் புறப்பட்டு வரவேண்டாம். களு கங்கை ஏறி வரும் மாதம்.” இலங்கையின் களுத்துறையில் கடை வைத்திருந்த எங்கள் தகப்பனார், அத்தா, கள்ளக்குறிச்சிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் உள்ள வரி இது. தபால் முத்திரையில் ஆண்டு அழிந்துவிட்டது. அவர் அங்கேயே இறந்து அடக்கமானார். ஊர் வரலாறு தொகுக்கும் நான், அந்த வரியின் ஓரத்தில் ‘மாதம் பிழை, ஐப்பசியாக இருக்கலாம்’ என்று பென்சிலால் குறித்திருந்தேன். நம் பக்கம் பெருமழை ஐப்பசியில்தானே.

எழுபத்தாறு வயது அண்ணனுக்கு அத்தாவை அடக்கிய கபரை ஒருமுறை பார்க்க ஆசை. சின்னசேலத்துப் பயண ஏஜெண்டிடம் கேட்டேன். “வைகாசில ஏதுங்க மழ? டிக்கெட்டும் கம்மிங்க” என்றார். அவர் தந்த கையேட்டில் டச்சுக்காரர் கோட்டையும் கருவாப்பட்டை வணிகமும் இருந்தன. தென்மேற்குப் பருவமழை பற்றி ஒரு வரி இல்லை.

வைகாசியிலேயே போனோம். இரண்டாம் நாள் களு கங்கை ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. அடக்கஸ்தலத்துக்குப் போகும் வழியில் ஆட்டோவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தெருக்காரர்கள் கயிறு கட்டி அண்ணனைக் கரையேற்றினார்கள். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே அவர் சொன்னார்: “அத்தா இங்கியே குந்திகினு எழுதுனாரு. நீ கள்ளக்குறிச்சில குந்திகினு அத திருத்துற.”

கபரைப் பார்க்காமலே திரும்பினோம். ஏஜெண்டிடம் நியாயம் கேட்டால், “மழைக்கு நான் இன்னாங்க பண்றது?” என்று சிரிக்கிறார். ஆட்களை அனுப்பும் ஊரில் எந்த மாதம் மழை என்று தெரியாமல் இது என்ன தொழில்? அவர்மேல் வரும் கோபத்தைவிட என் பென்சில்மேல்தான் அதிகம்.

இப்போதெல்லாம் அந்தந்த ஊர்க்காரரைக் கேட்காமல் எந்தக் கடிதத்தையும் நான் திருத்துவதில்லை. தையில் மழை குறைவு என்று களுத்துறைக் கடைக்காரர் ஒருவர் போனில் சொன்னார், தையில் போகிறோம். வெள்ளத்துக்குப் பின் கபர் இருக்கிறதா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.