முதுகு காட்டிய நாய்கள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நான் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் கம்பெனி, இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றது. இரும்புக் கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுத் திண்டுக்கல்லில் அம்மாவிடமும் அத்தாவிடமும் வந்து சேர்ந்தேன். அத்தா என்றால் அப்பா.

2. எங்கள் வீட்டில் காற்று வரும் அறை ஒன்றுதான். அம்மா ஐந்து வேளையும் அங்கேதான் தொழுவார். என் மேசையும் அங்கேயே போடப்பட்டது.

3. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது.

4. தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு நாயை வரைவது என்று முடிவு செய்தேன்.

5. ஓரளவு நன்றாக வந்த படங்களை மேசைக்கு எதிரே இருந்த சுவரில் ஒட்டினேன்.

6. அம்மா தொழுகை விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு தூணில் போல்ட் துளைகளைக் குறித்துக்கொண்டிருப்பேன். பாதியில் கை போனை எடுத்திருக்கும். எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறப்பேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் மூடுவேன். பால்கனிக்குப் போவேன். துவைத்துப் போட்ட துணி காய்ந்துவிட்டதா என்று, போட்ட பத்து நிமிடத்திலேயே தொட்டுப் பார்ப்பேன். ஹாஸ்டலில் இருந்தபோதும் இந்த அலைச்சல் உண்டு. ஆனால் அங்கே பஸ்ஸும் நெரிசலும் அதைத் தின்றுவிடும். வீட்டில் அதற்குத் தீனி இல்லை. கிட்டார் வாங்கினேன், விட்டேன். நூல் பின்னல் தொடங்கினேன், பாதி மேசை விரிப்போடு நின்றது. ஜப்பானிய மொழி படிக்கிறேன் என்று போனில் ஏதோ இறக்கினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாயைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் கிடையாது. மனிதர்களை வரைந்தால் பேச்சுக் கொடுப்பார்கள். மாடு மேய்ந்துகொண்டே போய்விடும். நாய்கள் எங்கள் தெரு முழுக்க இருந்தன. தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒன்று, லோடு வேன் அடியில் இரண்டு, கறிக்கடை திறக்கும் முன்பே வரிசையில் நிற்பதுபோல் ஒரு கூட்டம். யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை என்பதால், நான் பார்ப்பதையும் யாரும் பார்க்கவில்லை.

முதலில் வந்த நாய்கள் நாய்களாக இல்லை. படித்த படிப்பு கையை விடவில்லை. பக்கத் தோற்றம், முன் தோற்றம் என்று பிரித்தேன். நெற்றியிலிருந்து மூக்குவரை மெல்லிய சென்டர் லைன் போட்டு, இடப் பாதியை வரைந்து, வலப் பாதியை அதற்குச் சமமாக அமைத்தேன். இரண்டு காதும் ஒரே கோணத்தில் நின்ற ஒரு தெரு நாய் கிடைத்தது. அத்தா அதைப் பார்த்துவிட்டு, "இது கேட்டு மேல வைக்கிற சிமிண்டு சிங்கம்ல" என்றார்.

அத்தா தோல் வியாபாரம் செய்கிறார். அவருடைய குடோனில் காவலுக்கு ஒரு நாய் உண்டு. வீட்டுக்குள் நாய் வந்ததில்லை. நாய் இருக்கும் வீட்டுக்கும் உருவப் படம் இருக்கும் வீட்டுக்கும் மலக்குகள் வரமாட்டார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். மலக்குகள் என்றால் வானவர்கள். உறவினர் வீடுகளில் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. கல்யாண போட்டோவைக் கூடத்தில் மாட்டியிருப்பார்கள். அம்மா எடுத்துக்கொள்பவர். எங்கள் வீட்டுச் சுவர்களில் கடிகாரமும் காலண்டரும் மட்டும்தான்.

அப்படியிருக்க, ஒட்டியது எந்தச் சுவரில் என்பதைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் எதில் நன்றாக விழுகிறது என்று பார்த்தேன். பார்வை உயரத்தை அளந்தேன். இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்துப் புள்ளி குத்தினேன். அது மேற்குச் சுவர். தொழும்போது நாங்கள் முகம் திருப்பும் சுவர். நானும் அதே சுவரைப் பார்த்துத் தொழுகிறவள்தான். நான் போடும் ஒவ்வொரு வரைபடத்திலும் மூலையில் வடக்கு எது என்று அம்புக்குறி இருக்கும். அன்றைக்கு மட்டும் திசை எனக்குத் தோன்றவில்லை. மதியத் தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு, கைகால் முகம் கழுவிய ஈரத்தோடு அம்மா அறைக்குள் வந்தார். நாய்களுக்கு எதிரே செத்த நேரம் நின்றார். பிறகு நடந்ததுதான் ஆறாவது.

படங்களை உடனே கழற்றி ஒரு ஃபைலில் போட்டு அந்த அறை அலமாரிக்குள் வைத்தேன். அம்மா திரும்பி வரவில்லை.

"எடுத்துட்டேம்மா. வாங்க" என்றேன்.

"பரவால்ல. நீ வேலை பாப்ப. எனக்குக் கூடம் போதும்."

கூடம் போதாது. வாசல் கதவு நேராகத் தெருவுக்குத் திறக்கும். சிலிண்டர்க்காரர் பெல் அடிப்பார், மோட்டார் பைக் போகும், மதிய வெயில் தரையெல்லாம் படுத்திருக்கும். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அம்மா குனிவதும் எழுவதும் கதவு இடுக்கில் தெரியும். காற்று வரும் அறையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

இரவுச் சாப்பாட்டில் அத்தா பேச்சை எடுத்தார். "இம்புட்டுக்குக் கோவமா உனக்கு? குடோன்ல கட்டிக் கிடக்கிறது மட்டும் என்ன, பூனையா?"

"அது காவலுக்கு. காவலுக்கு வச்சுக்கலாம்" என்றார் அம்மா.

"அப்ப இவளும் காவலுக்குத்தான் வரையிறான்னு வச்சுக்க."

அம்மா சிரிக்கவில்லை. "எனக்குக் கோவமெல்லாம் இல்ல. நாயும் ஆகாது, உருவமும் ஆகாது. இந்தப் புள்ள ரெண்டையும் சேத்து ஒரே சுவத்துல ஒட்டி வச்சிருக்கு."

"தனித்தனியா ரெண்டு சுவத்துல ஒட்டாம விட்டாளேன்னு சந்தோசப்படு."

"நீங்க சாப்பிடுங்க."

வரைவதை விட்டுவிடுவது எளிது. எனக்கு விட்டுப் பழக்கம். ஆனால் அந்த வாரங்களில்தான் காலையில் கை அடங்கத் தொடங்கியிருந்தது. நாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் மட்டும் நான் எழுந்து போவதில்லை. அது எழுந்து போனால் ஒழிய. அதை விடாமல், அம்மாவையும் அந்த அறைக்குத் திரும்ப வரவைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. முகமும் கண்ணும் இல்லாத உருவத்தில் குற்றமில்லை என்று அம்மாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் என் பொம்மையின் முகத்தை அவர் துணியால் மூடித் தைத்துக் கொடுத்ததும் உண்டு. எனவே முகம் வேண்டாம். நாய்களைப் பின்னாலிருந்து வரைவேன்.

பின்னாலிருந்து வரைவதற்கு நாய் ஒத்துழைக்காது. உட்கார்ந்து வரையத் தொடங்கினால் திரும்பிப் பார்க்கும். நானும் எழுந்து பின்பக்கம் போவேன், அதுவும் திரும்பும். வேன் டிரைவர் ஒருவர் நாங்கள் இப்படிச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "யாரு யாரப் புடிக்கிறீங்கம்மா?" என்றார். தூங்கும் நாய்களைத் தேடினேன். வாலுக்குள் மூக்கைப் புதைத்துச் சுருண்டவை, சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவை. பென்சிலை விட்டு வாட்டர் கலருக்கு வந்தேன். செவலை நாய்க்கு என்ன நிறம் கலப்பது என்று பல காலைகள் போயின. பெட்டியில் இருக்கும் பழுப்பு நேராக வராது. எங்கள் மண்ணின் சிவப்பு கொஞ்சம் வேண்டும், முதுகெலும்பு மேல் வெளிறலாக வேண்டும்.

முதுகு முதுகாக வரைந்ததில் கை மாறியது. சென்டர் லைன் தானாக நின்றுபோனது. எந்த முதுகெலும்பும் நேர்க்கோடில்லை. பால் கொடுக்கும் நாயின் இடுப்பு இறங்கியிருக்கும். அடிபட்டது ஒரு பக்கம் தூக்கிப் படுக்கும். வயதானதற்குத் தோள் எலும்பு இரண்டு கைப்பிடிபோல் நிற்கும். இதெல்லாம் அதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

ஒரு நாள் அம்மா டீ கொண்டுவந்தார். மேசையில் படம் காய்ந்துகொண்டிருந்தது. மறைக்கவில்லை; காட்டத்தானே செய்தது.

"முகம் இல்ல பாருங்கம்மா. கண்ணு எதுவும் இல்ல."

அம்மா டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது தண்ணித் தொட்டிகிட்டக் கிடக்குமே, அது. வேன்காரன் இடுப்புல ஏத்திட்டான்ல."

"ஆமா."

"முடியாமத்தானே எந்திரிக்கும்." இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். "முகம் இல்லாமலே யாருன்னு தெரியுதே."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகவும் சொல்லவில்லை. டீயைக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கும் கூடத்தில்தான் தொழுதார். நான் நன்றாக வரைய வரைய முதுகே முகம்போல் ஆகி, என் ஏற்பாடு கெட்டுக்கொண்டே வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்று, மோசமாக வரைய வேண்டும். அல்லது நிறுத்த வேண்டும். சில நாட்கள் மோசமாக வரைய முயன்றும் பார்த்தேன். வேண்டுமென்றே கோணலாகப் போட்ட கோட்டைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை, கிழித்துப் போட்டேன். பழைய அலைச்சல் திரும்பியது. ஃப்ரிட்ஜ், பால்கனி, ஃப்ரிட்ஜ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆத்தூர் ரோட்டில் போனேன். எங்கே என்று இல்லை. சம்பங்கித் தோட்டம் ஒன்றின் வரப்பில் ஒரு செவலை நாய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டி வரையத் தொடங்கினேன். பூப்பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா மடியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"ஏத்தா, நாய் புடிக்கிற ஆபீஸா? இதுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு. புடிச்சுட்டுப் போயிராத."

"இல்லக்கா, படம் வரையிறேன்."

"நாயவா?" என் முக்காட்டைப் பார்த்தார். "பாய் வீட்டுப் புள்ளயா நீ? உங்க ஆளுக நாயத் தொட மாட்டாகளே."

"தொடலக்கா. பாக்கத்தான் செய்யிறேன்."

தாளைத் திருப்பிக் காட்டினேன். அவர் நாயையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாம் சரி. மூஞ்சி எங்க? கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரியில்ல இருக்கு." நாயைக் கூப்பிட்டார். "ஏலே, திரும்புடா. அக்கா உன்னையப் போட்டோ புடிக்கிறா."

அது திரும்பியது. ஒரு கண் மேல் வெள்ளைத் திட்டு. மூக்கில் காய்ந்த மண். என்னைப் பார்த்தது, பிறகு என் ஸ்கூட்டியை, பிறகு மறுபடியும் என்னை. நான் தாளைப் புரட்டிப் புதுப் பக்கத்தில் கண்ணிலிருந்து தொடங்கினேன். பல நாள் பசியோடு இருந்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டதுபோல் இருந்தது. அக்கா பூப்பறிக்கப் போய்விட்டார். இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்து, "வெள்ளை இன்னுஞ் செத்த பெருசு" என்றார். சரிதான், சின்னதாகப் போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் அந்தப் படம் லேப்டாப் பைக்குள் இருந்தது. மதியத் தொழுகைக்குக் காற்று வரும் அறையில் நின்றேன். மனம் பையிலேயே இருந்தது. தொழுகை முடிந்ததும் எழுந்து கூடத்துக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் ஒன்றை எடுத்தேன்.

"அம்மா, முகம் போட்டுட்டேன்."

அம்மாவின் கை நிற்கவில்லை. "நீயா விட்டுருவேன்னு நெனச்சேன். கிட்டாரு, அந்த நூலு, எல்லாத்தையும் விட்டியே. இதையும் விட்டுருவ, நம்ம ஏன் சொல்லணும்னு இருந்தேன்."

"இத விடலம்மா."

"அதான் தெரியுதே."

இரண்டு வெங்காயம் போனது. "தப்புன்னு நெனக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் நெனக்கிறது ஒனக்குத் தெரியும். வளந்த புள்ள, ஒன்னோட கணக்கு ஒன்னோடது." பிறகு, "அந்த ரூம்ல வேணாம். அவ்வளவுதான்."

"ஃபைலு, முதுகு வரைஞ்சது, எல்லாத்தையும் மாடி ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடுறேன்."

"தகர ஷீட்டுடீ அங்க. வெந்து போயிருவ."

"காலையிலதானே வரையிறேன்."

"காலைலன்னா வெள்ளனவே போயிட்டு எறங்கிரு. பத்து மணிக்கு மேல இருக்காத."

மாடி அறை பழைய பாத்திரங்களும் உடைந்த கட்டிலும் போட்டிருந்த இடம். ஒதுக்கினேன். அங்கே சீக்கிரமே வெயில் ஏறிவிடும். தட்டில் கலந்த நிறம் தூரிகை திரும்புவதற்குள் காய்கிறது. பெரிய பரப்புகளை ஒரே மூச்சில் போட்டுவிட வேண்டியிருக்கிறது. எனக்கு அது ஒத்துவரவில்லை. இன்னும் அதோடு சண்டைதான். அம்மா மாடிக்குத் துணி காயப்போட வருவார். அறையின் ஜன்னலைத் தாண்டித்தான் கொடிக்குப் போக வேண்டும். தாண்டும்போது அவர் தெருப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

இப்போதைய நிலை இது. படங்கள் எல்லாம் மாடியில் இருக்கின்றன. அம்மா காற்று வரும் அறையில் தொழுகிறார். படங்கள் மேலே போன வாரத்திலேயே விரிப்போடு திரும்பி வந்துவிட்டார். வேலைக்கு நடுவே முடிகிற நாட்களில் நான் பக்கத்தில் நிற்கிறேன். முகம் போட்ட படம் எதையும் அவர் இதுவரை பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை. நான் செய்வது சரி என்று அவர் நினைக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை.