முட்டை இறங்காத கோழி

கோழி அடைக்கு வந்துவிட்டது என்றார் என் மாமியார். கூடையை விட்டு எழவில்லை, இரை எடுக்கவில்லை, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அடையைத் தெளிய வைக்கக் கோழியைக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கி எடுப்பது எங்கள் ஒத்தக்கடைப் பக்கத்து வழக்கம். தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு அவர் கூடைக்குள் கையை நீட்டினார். நான் தடுத்தேன்.

அடைக்கோழிக்குக் கீழே கை விட்டால் உறுமும், கொத்தும். இது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கொண்டை வெளிறியிருந்தது. வாலைத் தாழ்த்தி மூச்சைப் பிடித்துத் தள்ளுவதும் சோர்ந்து சாய்வதுமாக இருந்தது. அடிவயிற்றை மெல்லத் தடவினேன். கெட்டியாக ஒன்று கையில் தட்டுப்பட்டது.

“அத்தை, இது அடை இல்ல. முட்டை வெளிய வரமாட்டாம நிக்குது.”

அவர் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது எனக்கு ஏழு மாதம். முந்தின வருஷம் ஒன்று பிறந்து, அழாமலே போய்விட்டது. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அத்தைக்கு எல்லாமே சகுனம். பல்லி கத்தினால் சகுனம், பூனை குறுக்கே போனால் சகுனம். நான் எரிச்சலை அடக்கிக்கொண்டு காலம் தள்ளினேன். கோழியை அறுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் உயிர்க்கொலை செய்யக் கூடாது. அறுப்பு என்ற பேச்சே வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அத்தையின் சட்டம். முட்டையோடு அது செத்தால் எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று அவர் நினைத்தார். அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

“நீ உள்ள போத்தா. நீ இதப் பாக்கக்கூடாது.”

“நா போயிர்றேன். ஒங்க கை இம்புட்டு ஆடுதே, யாரு எடுக்குறதாம்?”

அவர் உட்கார்ந்து கோழியை மடியில் வாங்கிக்கொண்டார். வெந்நீரில் துணியை நனைத்துப் பின்பக்கத்தில் ஒத்தடம் கொடுத்தேன். விளக்கெண்ணெயை விரலில் தொட்டு உள்ளே தடவி, வயிற்றை இரண்டு பக்கமும் அணைத்து மெல்லத் தள்ளினேன். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் முட்டை உள்ளேயே உடையும். உடைந்தால் கோழி பிழைக்காது. முட்டை நகரவில்லை. மறுபடி வெந்நீர், மறுபடி எண்ணெய். வெயில் கொல்லைச் சுவரில் ஏறிவிட்டது. என் வயிற்றில் பிள்ளை உதைத்தது. நான் கையை எடுக்கவில்லை. கோழி கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். முட்டை என் உள்ளங்கையில் வந்து விழுந்தது, மேலே ரத்தக் கோட்டோடு.

கோழிக்கு உயிர் இருந்தது, அவ்வளவுதான். தலை தொங்கிப்போயிருந்தது. வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தோம்.

“பொழச்சுக்கிரும். நீ போயிப் படு” என்று அத்தை என்னை அடித்து விரட்டாத குறையாக அனுப்பினார்.

காலையில் நான் எழுந்து வந்தபோது கோழி கொல்லையில் நின்று கம்பு கொத்திக்கொண்டிருந்தது. அதே செவலை நிறம், அதே பருமன். காலில் கயிறு கட்டி முருங்கை மரத்தில் பிணைத்திருந்தது.

“எதுக்கு அத்தை கட்டிப்போட்டிருக்கு?”

“ஒடம்பு சரியில்லாததுல்ல. அலையக்கூடாதுன்னுதான்.”

சீக்குக் கோழியை யாரும் கட்டிப்போடுவதில்லை. புதிதாக வாங்கி வந்த கோழியைத்தான், வீடு பழகும்வரை ஓடிப்போகாமல் இருக்கக் கட்டுவார்கள். கோழி வளர்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். அத்தையின் சேலைக் கரையெல்லாம் புழுதி. செத்ததை எங்கே கொண்டுபோய்ப் புதைத்தாரோ, இந்த நிறத்துக்கு விடியுமுன்னே எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினாரோ. இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மனுஷியின் மீது அதுவரை அப்படி ஒரு பிரியம் எனக்கு வந்ததில்லை. குனிய முடியாமல் குனிந்து ஒரு கை கம்பு அள்ளிப் போட்டேன். புதுக்கோழி என்னைக் கண்டு மிரண்டு, கயிறு இழுக்கும் மட்டும் ஓடியது.

“நல்லாத் தேறிருச்சு, அத்தை” என்றேன்.