ஆறு நாற்பது மரண அறிவித்தல்

நம்புகிறவர்கள் நம்பட்டும். மற்றவர்கள் என் இடது கணுக்காலைப் பார்க்கலாம். தழும்பு இன்னும் இருக்கிறது. தேதி, நேரம் எல்லாம் அன்றன்றைக்கே நோட்டில் குறித்து வைத்தவை. ஒரு நிமிஷம்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

1978, ஆகஸ்ட் 9, புதன்கிழமை. அரியலூர் கடைத்தெருவில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. பின்கட்டில் வீடு. என் மனைவி மலர்கொடிக்கு அப்போது ஏழு மாசம். கால் வீங்கியிருந்தது. பிரஷர் ஏறியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று நர்ஸம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள்.

மலர்கொடி இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு நாட்டு அரசும் போட்ட ஒப்பந்தத்தில் அவளையும் அவள் அம்மா அமிர்தவல்லியையும் இங்கே அனுப்பிவிட்டார்கள். அப்பா அங்கமுத்துவுக்கு மட்டும் இங்கே வருவதற்கான பேப்பர் வரவில்லை. அவர் அங்கேயே தங்கிவிட்டார். அம்மா அதற்கு முந்தின வருஷம் இறந்துபோனாள். மாமனாரை நான் நேரில் பார்த்ததே இல்லை. என் போட்டோகூட அவருக்குப் போனதில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பிரிந்த குடும்பங்கள் நிறைய. சாயங்காலமானால் அத்தனை வீட்டிலும் கடலுக்கு அந்தப் பக்கத்து வர்த்தக ஒலிபரப்புதான். பாட்டு, பவுடர் விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, மறுபடி பாட்டு. ஆறு நாற்பதுக்கு மரண அறிவித்தல். கடிதம் வர மூன்று வாரமாகும். ரேடியோ உடனே சொல்லிவிடும். பேர் காதில் விழுந்ததும் எழுந்து போய்த் தலை முழுகுவார்கள்.

அந்த அறிவித்தலில் ஒரு முறை உண்டு. உறவுகளை வரிசையாகப் படிக்கும்போது, முன்பே இறந்தவர் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்ப்பார்கள். இந்த ஒரு வார்த்தையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை செந்துறைக்காரர் ஒருவரின் டிரான்சிஸ்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். உள்ளே பேட்டரி இல்லை. ஸ்பீக்கர் ஒயரை நானே கழற்றி வைத்திருந்தேன். பற்றவைக்கச் சூட்டுக்கோலில் ஈயம் காய்ந்துகொண்டிருந்தது.

மணி 6.40.

கிர்ர்ர்ர்...

செட் பேசியது.

"மரண அறிவித்தல்..." ஒரு பெண் குரல். "மேல்மலைத் தோட்டத்தைச் சேர்ந்த அங்கமுத்து காலமானார். அன்னார் காலஞ்சென்ற அமிர்தவல்லியின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற மலர்கொடியின் அன்புத் தந்தையும், பழனிவேலின் மாமனாரும், தங்கசாமியின் பாட்டனாருமாவார்..."

பழனிவேல் நான்தான்.

சூட்டுக்கோல் சரிந்து, உருகிய ஈயம் சட்டையில் சொட்டியது. புது நீலச் சட்டை. பாக்கெட்டுக்குக் கீழே மிளகளவு ஓட்டை.

பின்கட்டுக்கு ஓடினேன். மலர்கொடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டு ரேடியோவில் சோப்பு விளம்பரம்.

"அறிவித்தல்ல யாரு பேரு வந்துச்சு?"

"நம்ம ஆளுங்க யாரும் இல்லைங்க. ஏன் மூஞ்சி வெளுத்திருக்கு? ஷாக் அடிச்சிடுச்சா?" சிரித்தாள். "பேட்டரி செட்டுல ஷாக் வாங்குற ஒரே மெக்கானிக்கு நீங்கதான்."

நான் சிரிக்கவில்லை.

"ஏங்க, பையன் பொறந்தா தங்கசாமின்னு வைக்கலாமா? எங்க அய்யாவோட அப்பா பேரு. இப்பத்தான் நெனச்சேன்."

அன்று இரவு நான் தூங்கவில்லை. கணக்கு சுலபமாக இருந்தது. பையன் பிறப்பான். மலர்கொடி போவாள். அதற்கப்புறம்தான் மாமனார். அந்த வரிசையை உடைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. அவர் முந்திக்கொள்ள வேண்டும்.

நான் கெட்டவன் இல்லை. ஆனால் மறுநாள் ஆறு நாற்பதுக்குக் கடையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். 'மாமா, மொதல்ல நீங்க கெளம்புங்க' என்று மனசார வேண்டினேன்.

கண்ணைத் திறந்தேன். மணி 6.58. சூட்டுக்கோல் மேஜையைக் கரித்திருந்தது. ஒரு நொடி போலத்தான் இருந்தது எனக்கு. பாதம் இரண்டும் ஜில்லென்று ஈரமாக...

11-ஆம் தேதியும் அதே. 6.40, அப்புறம் 6.58. யாரோ தோளை உலுக்கினார்கள். பக்கத்து டீக்கடை செல்லதுரை.

"என்ன மாப்ள, ரெண்டு தரம் கூப்புட்டேன். பொணமாட்டம் உக்காந்திருக்க?"

"தூங்கிட்டேன்."

"கண்ணத் தொறந்துகிட்டா?" என் கையைத் தொட்டவன் விட்டுவிட்டான். "மழையில நனைஞ்சியா என்ன?"

அரியலூரில் ஒரு மாசமாக மழை இல்லை. தெரு முழுக்கச் சுண்ணாம்புப் புழுதி.

12-ஆம் தேதி. 6.58-க்கு எழுந்து வீட்டுக்குள் போனேன். தரையெல்லாம் ரத்தத் துளி. என் கணுக்காலில் கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ தொங்கியது.

மலர்கொடி உப்பை அள்ளிப் போட்டாள். அது சுருண்டு விழுந்தது.

"அட்டைங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. "இது தோட்டத்து அட்டை. இங்க எப்பிடி வந்துச்சு?"

நிறுத்தியிருக்கலாம்.

நான் நிறுத்தவில்லை. 13, 14, 15, 16. தினமும் வேண்டினேன்.

17-ஆம் தேதி மாலை மலர்கொடிக்குத் தலைசுற்றல். கடையைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் இருந்தேன். வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

6.40.

"மேல்மலைத் தோட்டத்தைச் சேர்ந்த அங்கமுத்து..."

அதே பெண் குரல்.

"...காலஞ்சென்ற அமிர்தவல்லியின் அன்புக் கணவரும்..."

மூச்சை அடக்கினேன்.

"...மலர்கொடியின் அன்புத் தந்தையும்..."

அந்த வார்த்தை இல்லை.

இல்லவே இல்லை.

"அய்யா..." என்று மலர்கொடி தரையில் சரிந்தாள். அழுகைக்கு நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்க... சிரிக்கிறீங்க?"

செப்டம்பர் 8. கடிதம் வந்தது. மாமனாரின் பக்கத்து வீட்டுக்காரர் தர்மன் எழுதியது. மலர்கொடி எனக்கு வாய்விட்டுப் படித்தாள்.

'அங்கமுத்து அண்ணனுக்கு நோய்நொடி ஒன்றும் இல்லை. கடைசி ஒரு வாரம்தான் இப்படி. சாயங்காலம் ஆறு நாற்பதானால் ஆள் வந்துவிட்டது என்பார். எங்கள் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாமா கெளம்புங்க, மாமா கெளம்புங்க என்கிறதாம். நீலச் சட்டையாம். பாக்கெட்டுக்குக் கீழே ஓட்டையாம். ஈயம் காய்ச்சும் வாசனை எங்களுக்கும் அடித்தது. ஒரு நாள், அட்டை கடிக்கும், காலைப் பாத்துப் போங்க மாப்ளே என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். பதினாறாம் தேதி, எம்மவளுக்காகத்தான கேக்குறீங்க, சரி என்றார். மணி 6.58-க்கு மூச்சு நின்றது.'

மலர்கொடி கடிதத்தை மடித்தாள். கொடியில் நீலச் சட்டை தொங்கியது. எழுந்து போய் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள்.



அக்டோபரில் பையன் பிறந்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. தங்கசாமிக்கு இப்போது எட்டு வயசு.

தினமும் மாலை ஆறரைக்கே என்னை வீட்டில் தனியே விட்டுவிட்டு, அவனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கிவிடுகிறாள்.

ஏழு மணி அடித்த பிறகுதான் வீட்டுக்குள் வருகிறாள்.