சாவி கொடுக்காத கடிகாரம்

அந்த பிஸ்கட் டப்பாவைக் காதோடு வைத்துக் கேட்டால் உள்ளே மழை தூறுவதுபோல் சத்தம் கேட்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு உள்ளறை அலமாரியில் இருந்தது அது. பெரியப்பா சேர்த்து வைத்த கைக்கடிகாரங்கள் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் யுத்தத்தில் விமானம் ஓட்டியவர்கள் கட்டியவை. கறுப்பு முகம், இருட்டில் பச்சையாக ஒளிரும் பெரிய எண்கள், தடித்த ஜாக்கெட்டின் கைக்கு மேலே கட்டுவதற்கான நீளத் தோல்வார். பின்பக்கம் சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளமாக ஓர் அம்புக்குறியும், கீழே ஒரு நம்பரும் வெட்டியிருக்கும். சாவித் திருகை வெளியே இழுத்தால் விநாடி முள் அப்படியே நின்றுவிடும். விமானிகள் எல்லோரும் ஒரே நேரம் வைத்துக்கொண்டு கிளம்புவதற்காக அந்த ஏற்பாடாம். தினமும் காலையில் அவற்றுக்குச் சாவி கொடுப்பது சித்தியின் வேலை. ஒன்றுக்கு மட்டும் கொடுக்கமாட்டாள். அது ஓடாது என்று பெரியப்பா சொல்லியிருந்தார்.

பெரியப்பாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம். திருச்சி கூட்ஸ் யார்டில் வந்து போகும் வேகன்களின் நம்பரைக் குறிப்பதே அவர் வேலை. ஓடுகிற வண்டியின் நம்பரை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார், பிடித்தது மறக்காது. அப்படித்தான் தம்பியின் கடிகார நம்பரும் அவர் மனதில் நின்றது. சித்தப்பா விமானப் படையில் சேர்ந்தவர். கல்யாணமான கையோடு பர்மா பக்கம் போனார். புறப்படும் முன் கடைசி லீவில் வந்தபோது அண்ணாவிடம் கடிகாரத்தைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். அப்புறம் வந்தது, காணவில்லை என்ற தந்திதான். இறந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்று பிற்பாடு ஒரு காகிதமும் வந்தது. "கருதறது வேற, தெரியறது வேற" என்று பெரியப்பா அதை மடித்து உள்ளே வைத்துவிட்டார். நான் பிறந்ததே அதற்கெல்லாம் பிறகு.

தந்தி வந்தபோது சித்திக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. நெற்றியில் குங்குமம், தலையில் பூ, வாசலில் கோலம் எல்லாம் அவளுக்கு இருந்தன. ஆனால் காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு, தர்ப்பையால் உருவம் செய்து தகனம் பண்ணிவிடவேண்டும் என்று சாஸ்திரம் இருக்கிறதாம். கெடு நெருங்க நெருங்க, சடங்கு செய்து வைக்கும் எங்கள் வீட்டு வாத்தியாரும் உறவில் பெரியவர்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அந்தத் தர்ப்பையைக் கொளுத்தினால் மறுநாள் சித்தியின் தலையை மழித்து, நார்மடிப் புடவையைச் சுற்றி, கொல்லைப்பக்கத்து அறையில் தள்ளிவிடுவார்கள். பக்கத்து வீட்டிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள். அவள் எதிரே வந்தால் ஜனங்கள் திரும்பி உள்ளே போய்விட்டு மறுபடி கிளம்புவார்கள். கர்மம் செய்ய வேண்டிய மூத்தவர் பெரியப்பா. அவர் ஒரே வார்த்தை சொன்னார்: "அவன் கையில கட்டிண்டிருந்த வாட்ச் வரட்டும். வந்த அன்னிக்கே பண்ணிடறேன்." காட்டில் விழுந்த கடிகாரமாவது, வருவதாவது! சொல்லும்போது அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

சொன்னதற்காகத் தேடவும் வேண்டியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே. பெரிய கடை வீதிப் பக்கம் கடிகாரம் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருந்தார். பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் வந்தது, ஓய்வு பெற்ற சிப்பாய்கள் விற்றது என்று எந்த விமானக் கடிகாரம் கைக்கு வந்தாலும் பெரியப்பாவுக்காக எடுத்து வைப்பார். சனிக்கிழமைகளில் பெரியப்பா என்னையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார். கடிகாரத்தைக் கையில் வாங்கியதும் முதலில் தம்பியின் நம்பரை உரக்கச் சொல்வார், "நாலு ஏழு ஒண்ணு சைபர் ஆறு." அப்புறம்தான் திருப்பிப் பார்ப்பார். "இல்லே பாய்" என்பார். அந்த "இல்லே"யில் ஒரு நிம்மதி இருந்ததை அந்த வயதில் நான் கண்டேனா? இல்லை என்றாலும் விடமாட்டார், வாங்கிவிடுவார். "இதுவும் யாரோ ஒரு ஆத்துப் பிள்ளையோடது" என்பார். பாய் மெருகு போடட்டுமா என்று கேட்டால் கீறலைத் தொடவே கூடாது என்று தடுத்துவிடுவார். நாங்கள் அந்த நம்பரை வாய்ப்பாடுபோல் சொல்லிக்கொண்டே கூடத்தில் பாண்டி ஆடுவோம். சித்தி பூ தொடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிய வருஷங்கள் வந்தன. ஒரு சனிக்கிழமை பாய், "சாமி, உட்காருங்க. பர்மாவுலேருந்து வந்த ஒருத்தர் ஒண்ணு குடுத்துட்டுப் போயிருக்காரு. அங்க கிராமத்து ஆளுங்ககிட்ட வாங்கினதாம்" என்று பொட்டலத்தைப் பிரித்தார். பெரியப்பா வழக்கம்போல் நம்பரைச் சொன்னார். திருப்பினார். "இல்லே பாய்" என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதை மட்டும் பொட்டலமாகக் கட்டச் சொல்லவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது அம்மா மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார். என்னைப் படித்துறை மேலேயே நிற்கச் சொன்னார். கடிகாரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சட்டை வேட்டியோடு காவேரியில் இறங்கித் தலை முழுகினார். பிறகு கரையேறி வந்து, "படியெல்லாம் பாசி. வழுக்கி விழுந்துட்டேன்னு ஆத்துல சொல்லு" என்றார். நானும் சொன்னேன். சாவுச் செய்தி காதில் விழுந்தால் கட்டின துணியோடு முழுகுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அவர் சொன்னபடி வழுக்கி விழுந்ததாகவே நம்பிவிட்டேன், அவ்வளவுதான்.

சித்தி புருஷனின் அண்ணாவோடு நேருக்கு நேர் நின்று பேசமாட்டாள். அந்த வழக்கம் இல்லை. கதவோரம் நின்று என்னிடம் துண்டைக் கொடுத்து, "பெரியப்பாட்ட கொடுடி. தலையைத் துவட்டிக்கச் சொல்லு" என்றாள். பெரியப்பா கடிகாரத்தை டப்பாவில் போட்டுவிட்டு, "இது ஓடாது. சாவி கொடுக்க வேண்டாம்னு சொல்லு" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர் மறைத்தார். மறுநாள் விடியற்காலையில் சித்தி கிணற்றடியில் புடவையோடு தலைக்கு விட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் இல்லை, எண்ணெயும் தேய்த்துக்கொள்ளவில்லை. என்ன சித்தி என்றதற்கு, "சும்மாத்தான்" என்றாள். ஈரத் தலையோடு வந்து குங்குமம் வைத்துக்கொண்டாள்.

பெரியப்பா அதற்குப் பிறகும் சனிக்கிழமை தவறாமல் பாய் கடைக்குப் போனார். நம்பரைச் சொன்னார், திருப்பினார், இல்லை என்றார். வாத்தியார் கேட்டால், "இன்னும் வரலையே" என்பார். பொய் சொல்லி அறியாத மனுஷர். தம்பிக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் இருப்பது அவரைப் போன்ற ஒருவருக்கு எப்பேர்ப்பட்ட பாவம் என்று அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அமாவாசையில் தர்ப்பணம் முடிந்தும் ஆற்றையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். ஆசார்யன் திருவடி அடைவதற்கு முன் அவர் கடைசியாகப் பேசியது, "அவனுக்கு நான் ஒண்ணுமே பண்ணலே" என்பதுதான். கடிகாரம் கிடைக்கவில்லை என்று வருந்துகிறார் என்று எல்லோரும் அழுதார்கள். சித்தி அழவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் காலை சித்தியோடு நானும் சாவி கொடுக்க உட்கார்ந்து, ஓடாத அதைக் கையில் எடுத்தேன். சித்தி என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வேண்டாம்டி. அவர் ஓடாதுன்னார். ஓடாமலே இருக்கட்டும்."

சித்தி அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தாள். குங்குமத்தோடும் பூவோடும்தான் போனாள். கொடுத்து வைத்தவள், சுமங்கலியாகப் போனாள் என்று தெருவே சொல்லிற்று. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்கப் பொறுக்கவில்லை. இருபது வயதிலிருந்து ஒருத்தி எதைக் கொடுத்து எதை வைத்தாள் என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

டப்பா என்னிடம் வந்தது. அன்றுதான் அந்தக் கடிகாரத்தை முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தேன். அம்புக்குறிக்குக் கீழே, நாங்கள் பாண்டி ஆடிய அதே நம்பர். தினமும் காலையில் டப்பாவைத் திறந்தவள் சித்தி. அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்? தயங்கித் தயங்கிச் சாவி கொடுத்தேன். உடனே ஓட ஆரம்பித்தது. ஒரு பழுதும் இல்லை.

திருகை வெளியே இழுத்தேன். முள் நின்றது. அதை மற்றவற்றின் நடுவே வைத்தேன். இப்போதும் தினமும் காலையில் நான்தான் சாவி கொடுக்கிறேன், அது ஒன்றைத் தவிர.